படிப்பு எதற்கு? ஞாயிறு வகுப்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். மேலே பிள்ளைகள் அ, ஆ எழுதிக்கொண்டிருக்க, கீழே வராந்தாவில் பெற்றோர் காபியும் கையுமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு ஸ்கூல் ஃபீஸில் தொடங்கும். எந்த சிலபஸ் நல்லது என்று போகும். அரை மணி நேரத்தில் "இவ்வளவு படிச்சு என்னத்துக்கு சார்?" என்பதில் வந்து நிற்கும். ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பெற்றோர், அதே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன்.

நான் கல்வியாளன் இல்லை. தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவன். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

பிள்ளையை ஸ்கூலில் சேர்ப்பதற்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

"பாட்டு கிளாஸை நிறுத்திட்டு கோடிங்ல போட்டுட்டேன்" என்று போன மாதம் ஒருவர் சொன்னார். மனிதன் எதற்காக வாழ்கிறான் என்பதற்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. அதை அவர் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. சுமார் 2,300 வருடங்களுக்கு முன் அரிஸ்டாட்டில் இதையே எழுதிவைத்தார். பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியது பிழைப்புக்கு உதவுவதா, நல்லொழுக்கமா, இரண்டுக்கும் மேற்பட்ட அறிவா என்பதில் யாருக்கும் ஒத்துப்போகவில்லை என்கிறார். அதே பகுதியில் அவர் நீளமாக விவாதிக்கும் விஷயம் எது தெரியுமா? பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கலாமா, எதற்காகக் கற்பிப்பது என்பதுதான். வேலை முடிந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதையும் ஒருவன் கற்றுக்கொள்ள வேண்டும், இசை அதற்கு என்பது அவர் பக்கம். பாட்டு கிளாஸை நிறுத்தியவரிடம் இதைச் சொன்னேன். "அரிஸ்டாட்டிலுக்கு இ.எம்.ஐ. இருந்துச்சா சார்?" என்று கேட்டார். நியாயம்தான். அவர் காலத்தில் வேலையைப் பார்க்க அடிமைகள் இருந்தார்கள்.

சுற்றி வளைக்காதீர்கள். படிப்பது வேலைக்குத்தானே?

வேலைக்கும்தான். வயிறு நிறைந்தவன் "கல்வி சம்பாத்தியத்துக்காக இல்லை" என்று உபதேசம் செய்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் வேலைக்கு மட்டும் என்றால் என்ன ஆகும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அண்ணன் எட்டாவதோடு நின்றவர். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கால் உடைந்ததுதான் காரணம். 18 வயதில் அண்ணனும் சாம்பியன் ரீஃபில் இறங்கினார். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்ட சுரங்கம் அது. கீழே பாறையின் சூடு மட்டுமே ஆளை உலர்த்திவிடும். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை அவருக்கு. எங்கே எத்தனை மரம், எந்தச் சாய்வில், எப்போது நிறுத்திவிட்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் 25 வருடத்தில் கையில் ஊறிய வித்தை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மறுநாள் காலை அந்த வித்தைக்கு உலகத்தில் எங்கேயும் விலை இல்லை. 44 வயதில் ரயிலேறி பெங்களூர் வந்து, ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். தங்கவயலிலிருந்து அப்படிக் காலை ரயிலில் வந்து இரவு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

அவருக்கு இன்னொரு படிப்பும் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் தெருமுனைப் படிப்பகத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யாரும் அதற்குச் சம்பளம் தரவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு தெருவில் பாதிப் பேர் நஷ்டஈட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது அவரிடம்தான். எங்கே கையெழுத்துப் போடலாம், எங்கே போடக் கூடாது என்று படித்துச் சொன்னார். மனு எழுதிக்கொடுத்தார். வேலைக்காகக் கற்றது வேலையோடு போனது. எதற்கென்று தெரியாமல் கற்றது அந்த வருடம் முழுக்கத் தேவைப்பட்டது.

இன்றைக்கு ஐ.டி.யில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் காபியை எடுத்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடம் போகாதவர்கள் கல்வி இல்லாதவர்களா?

இல்லை. வள்ளுவர் கல்விக்கு ஒரு அதிகாரம், கல்லாமைக்கு ஒரு அதிகாரம் வைத்துவிட்டு, உடனே கேள்விக்கு ஒன்று வைக்கிறார். கற்காவிட்டாலும் கேட்கவாவது செய் என்கிறார். காதால் வாங்குவதற்கும் வாய் திறந்து வினவுவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அண்ணனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

அதற்காக "அந்தக் காலத்தில் படிக்காத மேதைகள் இருந்தார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பெரும்பாலும் தம் பிள்ளையை நல்ல ஸ்கூலில் போட்டுவிட்டவர்கள்தான் அந்த வசனத்தைப் பேசுகிறார்கள்.

மனப்பாடம் செய்வது தப்பா?

தப்பில்லை. வாய்ப்பாடு தெரியாதவன் ஒவ்வொரு தடவையும் ஏழு எட்டு எவ்வளவு என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் கணக்கை எப்போது போடுவது? ஆனால் மனப்பாடம் படிப்பின் எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நன்னூலைவிடத் தெளிவான வரைபடத்தை நான் பார்த்ததில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. எழுதச் சொன்ன சீயகங்கன் கங்கர் குலத்தவன். கங்கர்களின் பழைய தலைநகர் எங்கள் கோலார். ஊர்ப் பெருமையை ஒரு வரி பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்துக்குள் போகும் முன்பே எப்படிப் படிப்பது என்று அவர் சொல்கிறார். உலக வழக்கை அறிவது, பாடத்தைப் போற்றி மனத்தில் வைப்பது, கேட்டதை மறுபடி நினைப்பது, ஆசிரியரிடம் போய்த் தெளிவாகக் கேட்பது, நன்றாகப் படிப்பவர்களோடு சேர்ந்து பழகுவது, வினாதல், வினாயவை விடுத்தல். அதாவது கேள்வி கேட்பதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும். மனப்பாடம் ஏழில் ஒன்று, அதுவும் ஆரம்பத்தில்.

அடுத்து ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிறையும். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? காலே கால் பங்கைத் தரக்கூடிய இடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். கூட விளையாடப் போனால் "நேரத்தை வீணாக்காதே" என்கிறோம். தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் "உன் வேலையைப் பார்" என்கிறோம்.

எல்லாம் போனிலேயே இருக்கிறதே, ஆசிரியர் எதற்கு?

இதற்கும் பவணந்தியே இருக்கிறார். ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு அவர் சொல்லும் உவமைகளில் ஒன்று கழற்குடம். குடத்துக்குள் கழற்சிக்காயைப் போட்டுக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வராது. எது வாய்க்குக் கிட்டே இருக்கிறதோ அது உருண்டு வரும். யூடியூபைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வரும். காய் எல்லாம் நல்ல காய்தான், வரிசைதான் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்ட வரிசையில் கொடுக்கின்றன, அது உண்மை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளையின் முகத்தை யாராவது பார்க்க வேண்டுமே.

சொல்லிக்கொடுக்காமலேயே கற்பிக்க முடியும் என்கிறார்களே?

சாக்ரடீஸ் முடியும் என்று காட்டினார் என்பார்கள். பிளாட்டோ எழுதிய ஒரு உரையாடலில் மேனோ என்பவனின் வீட்டு அடிமைப் பையனைக் கூப்பிட்டு, மண்ணில் ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும் என்கிறார். எதையும் சொல்லித் தராமல் கேள்விகள் மட்டும் கேட்டு விடையை வரவழைக்கிறார்.

இதை எங்கள் மாடியில் செய்துபார்த்தோம். தரையில் சதுரக் கல் பதித்திருப்பதால் வசதி. ஒரு கல்லைக் காட்டி, "இதைப்போல் ரெண்டு கல்லு அளவுக்கு ஒரு சதுரம் சாக்பீஸில் போடு" என்றேன். ஒரு பையன் பக்கத்தை இரட்டிப்பாக்கினான். எண்ணிப்பார்த்தால் நாலு கல். பிளாட்டோவின் பையனும் முதலில் இதே தப்பைத்தான் செய்கிறான். இன்னொருத்தி ஒன்றரை என்றாள். போட்டுப் பார்த்தால் இரண்டே கால். எல்லோரும் முழித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் இதில் கஷ்டமான வேலை. பத்து நிமிடம் கழித்து, வீட்டில் பாட்டியோடு கோலம் போடுகிற ஒரு பெண், நாலு கல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை சாய்கோடு இழுத்தாள். நடுவில் சதுரம் சாய்ந்து நின்றது. நாலு அரைக்கல், அதாவது இரண்டு கல். "இது கோலத்துல வர்றதுதானே அங்கிள்" என்றாள்.

இப்போது என் அபிப்பிராயம். சாக்ரடீஸ் கொஞ்சம் கள்ளாட்டம் ஆடுகிறார். சாய்கோட்டை வரைந்து காட்டுவதே அவர்தான், பையன் பெரும்பாலும் "ஆமாம்" போடுகிறான். அறிவு அவன் ஆன்மாவுக்குள் முன்பே இருந்தது என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் பெண்ணுக்கு அது பாட்டியிடமிருந்து வந்தது. ஆனால் ஒரு இடத்தில் அவர் சரி. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் தெரியாது என்று திகைத்து நிற்கும் நிமிடம்தான் படிப்பு தொடங்கும் இடம். அந்தத் திகைப்பை நம் பள்ளிகள் "பிள்ளை வீக்" என்று டைரியில் எழுதியனுப்புகின்றன.

இன்னொன்றும் எனக்கு உறுத்தும். விடையைக் கண்டதும் பையனின் வேலை முடிந்துவிடுகிறது. எஜமானனும் சாக்ரடீஸும் மேலே பேசப் போகிறார்கள். அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய உண்மையைக் கண்டவன் மறுபடி எச்சில் பாத்திரம் கழுவப் போயிருப்பான். யாருடைய வாதத்துக்காகவோ ஒருவனைப் படிக்கவைப்பது அன்றைக்கே நடந்திருக்கிறது.

பிள்ளை எதைப் படிப்பது என்று முடிவு செய்வது யார்? நாங்களா, அரசா?

சட்டம் இரண்டு பேரையும் உள்ளே விடுகிறது. 6 வயது முதல் 14 வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அனுப்ப மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு இடமில்லை. எந்த மொழியில் என்பதில் வேறு கதை. தொடக்க வகுப்புகள் தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் இருக்க வேண்டும் என்று 1994இல் கர்நாடக அரசு ஆணை போட்டது. தனியார் பள்ளிகள் வழக்குக்குப் போயின. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு பயிற்று மொழியைத் திணிக்க முடியாது என்றது. பிள்ளையின் தாய்மொழி எது என்பதைச் சொல்ல வேண்டியதும் பெற்றோர்தான் என்றது. அந்தத் தீர்ப்பு சரியா என்று வராந்தாவில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அரசு முடிவெடுப்பதில் ஆபத்து உண்டு. 1953இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் ராஜாஜி விலகி காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. ஆனால் பெற்றோர் கைக்கு வந்தால் மட்டும் என்ன? டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டராகத்தான் வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங்கில் போடுவதற்கும் அந்தத் திட்டத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. காசு கொடுப்பவரும் சட்டம் போடுபவரும் எதற்கென்று நினைத்தாலும், கடைசியில் அதை வைத்து என்ன செய்வது என்பது கற்றவர் கையில். படிப்பகத்தைக் கட்டியவர்கள் நஷ்டஈட்டுக் காகிதத்தை நினைத்துக் கட்டவில்லை.

வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், டி.வி.யில் ஹிந்தி. பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. நீங்கள்தான் குழம்புகிறீர்கள். "கன்னடம் மார்க் வாங்க மட்டும் போதும்" என்பவர்களிடம் ஏரிப்பக்கம் நடந்துபோய் வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். 18 வருடம் துணி சுற்றி மூடிவைத்திருந்து, 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சர்வக்ஞர் என்றால் எல்லாம் அறிந்தவர் என்று பொருள். அவருடைய மூன்றடிப் பாட்டு ஒன்றைக் கன்னடப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். சர்வக்ஞன் கர்வத்தால் ஆனவனா? ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கற்று வித்தையின் மலையானவன் என்று அதன் கருத்து. பக்கத்து வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) எனக்கு விளக்கினார். அதுவரை நான் இந்த ஊரில் 20 வருடம் இருந்து, பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் மட்டுமே கன்னடம் பேசியிருந்தேன்.

படித்தால் பண்பு வருமா?

அண்ணன் வேலை பார்த்த அபார்ட்மென்டில் எல்லோரும் பட்டதாரிகள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் செக்யூரிட்டிகளும் பெரிய லிஃப்டில் ஏறக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். நல்ல இலக்கணத்தில் எழுதி ஒட்டியிருந்தார்களாம்.

தேர்வு, மார்க்?

தராசு வேண்டும். காய்கறியைவிடத் தராசுக்கு அதிகம் செலவு செய்தால் வீட்டில் சமையல் நடக்காது.

படிக்கவைத்தால் பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்விடுகிறார்களே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். பேரனை வகுப்புக்குக் கூட்டிவருவார்கள், மகன் அடுத்த வருடம் கனடா போகிறான் என்பார்கள்.

படிப்பு பிரிக்கத்தான் செய்யும். ஆனால் ஊரைவிட்டுப் பிரிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, ஒரே வீட்டுக்குள் பிரித்துவிடுகிறது. புறநானூற்றில் 183ஆம் பாட்டு, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பாடியது. ஆசிரியருக்கு இடுக்கண் வந்தால் உதவி, மிகுந்த பொருள் கொடுத்து, பணிவிடைக்கு வெறுக்காமல் கற்பது நல்லது என்று ஆரம்பிக்கிறது. ஃபீஸ் புதுசு இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழே பிறந்த ஒருவன் கற்றால் மேலே பிறந்தவனும் அவனிடம் வந்து நிற்பான் என்று முடிகிறது. மேடைகளில் இந்த முடிவைத்தான் சொல்வார்கள். நடுவில் ஒரு வரி இருக்கிறது, அதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும், கல்விச் சிறப்பால் "தாயும் மனம் திரியும்."

எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு முட்டை வரும். அம்மா அதை எனக்கு வைப்பார். "படிக்கிற பிள்ளை" என்பது காரணம். மூன்று வயது மூத்த அண்ணன் எதிரே உட்கார்ந்து வெறும் களியைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அப்போது அவருக்கு 14 வயது. அம்மா கெட்டவர் இல்லை. அந்தப் பாண்டியன் பார்த்ததை அவர் செய்தார், அவ்வளவுதான். அந்தப் பாட்டை முதல்முறை அண்ணனிடம் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, "உன் டிப்ளமோவுல என்னோட முட்டையும் இருக்குடா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

ஆகவே தாத்தா பாட்டிகளிடம் நான் ஆறுதல் சொல்வதில்லை. கனடாவுக்குப் போகிற பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கிறீர்களா, யார் பங்கில் அவன் படித்தான் என்று அவனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்பேன்.

உங்கள் வகுப்பில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

சான்றிதழ் கிடையாது. ஃபீஸ் கிடையாது. மழை வந்தால் வகுப்பும் கிடையாது.

இது ஒன்பது வயது மாணவி கேட்டது: "நான் எதுக்கு அங்கிள் தமிழ் படிக்கணும்?"

பாட்டியோடு பேசலாம் என்றேன். "பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியும்" என்றாள். ரெண்டாயிரம் வருடத்துப் பாட்டைப் படிக்கலாம் என்றேன். அது யோசிக்கவே லாயக்கில்லை என்பதுபோல் பார்த்தாள். பிறகு, பிடிக்காவிட்டால் தீபாவளி வரை பார்த்துவிட்டு நின்றுகொள், ஆனால் ஏன் நிற்கிறாய் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு நில் என்றேன். "அதுக்கு எத்தனை எழுத்து தெரியணும்?" என்று கேட்டாள். தீபாவளி போய்விட்டது. போன ஞாயிறும் வந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, அதனாலும் இருக்கலாம்.